தண்ணீர் லாரியில் போன தாய்மாமன் சீர்

பம்மலிலிருந்து மாடம்பாக்கம் பதினேழு கிலோமீட்டர் இருக்கும். மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை ஐப்பசி அடைமழை. அதனால் இந்தப் பதினேழு கிலோமீட்டரையும் ஒரு பெரிய யாத்திரை போலவே எழுதுகிறேன். காசி போய் வந்தவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நானும் காசிக்குப் போயிருக்கிறேன். போகிற வழியில் இவ்வளவு நடக்கவில்லை.

என் மகள் பரமேஸ்வரியின் குழந்தைக்குப் பதினோரு மாதம். மாடம்பாக்கம் சிவன் கோயிலில் காது குத்துவதாக ஏற்பாடு. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் எங்கள் வழக்கத்தில் காதில் ஊசி படும். அந்தத் தாய்மாமன் என் மகன் குமரேசன். பம்மலில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவன் பெண்டாட்டி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால், சீர் கொண்டு போக நானும் அவனும் மட்டும்தான்.

அண்ணனும் தங்கையும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மருமகன் தேவராஜ் தாமதமாக வந்தார். வேலை முடிந்து வரும்போது ரயில் வழியில் நின்றுவிட்டது என்றார். குமரேசன் காதில் வாங்கவில்லை. "காரியத்துக்குக்கூட நேரத்துக்கு வரத் தெரியாத மனுஷன்" என்று பந்தலில் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டான். இலையில் உட்கார்ந்திருந்த பரமு சோற்றைத் தொடாமல் எழுந்து புருஷனோடு போய்விட்டாள். பிறகு குழந்தை பிறந்தது. இவன் போய்ப் பார்க்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை. நான் மட்டும் போய் வந்துகொண்டிருந்தேன்.

போன மாதம் அவளே எனக்குப் போன் செய்தாள். "அம்மா, அண்ணன் மடியிலதான் காது குத்தணும். வரச் சொல்லு. இந்தத் தடவையும் வரலைன்னா இனிமே நான் கூப்பிடவே மாட்டேன்" என்றாள். குமரேசனிடம் சொன்னேன். அவன் மெஷினை நிறுத்தாமலே, "எத்தனை மணிக்காம்?" என்று கேட்டான். அவ்வளவுதான். மறுநாள் கம்மல் வாங்கிவிட்டான்.

காலை ஏழு மணிக்கே பதினோரு தட்டும் தயார். பட்டுப் பாவாடை, வளையல், பழம், வெல்லம், பூ என்று கூடமே நிறைந்திருந்தது. காரில் போய்க் கோயில் வாசலில் இறங்க வேண்டும் என்பது குமரேசனின் ஆசை. போனில் கார் சொன்னான். வருகிறேன் என்ற கார் பாதியில் ரத்து ஆனது. இன்னொன்று சொன்னான். அதுவும் போயிற்று. மழையில் வாசலில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கார் வரலைன்னா விடுடா. ஷேர் ஆட்டோ செத்தா போச்சு?" என்றேன்.

"பதினோரு தட்டை ஷேர் ஆட்டோலயா?"

"தட்டு எதுக்கு? எல்லாத்தையும் கூடையில போடு. அங்க போய் அடுக்கிக்கலாம்."

துணி துவைத்துப் போடுகிற பெரிய பிளாஸ்டிக் கூடையைக் கழுவித் துடைத்தேன். தட்டுகளை அடியில் அடுக்கி, மேலே மற்றவற்றை வைத்து, ஒரு பாலிதீன் தாளால் மூடிக் கட்டினேன். கம்மலை என் இடுப்பில் முடிந்துகொண்டேன். சாமி படத்தின் முன் நின்று, "அப்பனே, கொண்டுபோய்ச் சேர்க்கிறது உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அப்போது எட்டாகியிருந்தது.

பம்மலிலிருந்து பல்லாவரம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ ஆளுக்கு இருபது ரூபாய். கூடைக்கும் ஓர் ஆள் காசு கேட்டார் டிரைவர்.

"இன்னாம்மா, வூடே காலி பண்ணிகினு போறீங்களா?"

"காது குத்துப்பா."

கண்ணாடியில் குமரேசனைப் பார்த்தார். "யாருக்கு? இவருக்கா? மூஞ்சி அப்பிடித்தான் கீது."

நான் சிரித்துவிட்டேன். குமரேசன் சிரிக்கவில்லை. தோல் பதனிடும் பட்டறைகள் இருந்த தெருவைத் தாண்டும்போது மழையிலும் அந்தப் பழைய வாசனை லேசாக வந்தது. எங்களுக்கு அது பழகிவிட்டது. வெளியூர்க்காரர்கள்தான் மூக்கைப் பிடிப்பார்கள்.

பல்லாவரத்திலிருந்து தாம்பரத்துக்கு ரயில் டிக்கெட் ஐந்து ரூபாய். நடுவில் குரோம்பேட்டை, சானடோரியம் என்று இரண்டே ஸ்டேஷன். கால் மணிப் பயணம். ரயில் குரோம்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய், நின்றது. நின்றது நின்றதுதான். தண்டவாளம் மேல் தண்ணீர் என்று ஒருவர் சொன்னார். சிக்னல் கோளாறு என்று இன்னொருவர். ஒன்பது மணி ஆனது, தாண்டியது.

குமரேசன் வாசலுக்குப் போய் எட்டிப் பார்ப்பதும், திரும்பி வருவதும், மறுபடி போவதுமாக இருந்தான்.

"நீ உள்ள ஓடினா ரயில் சீக்கிரம் போயிடுமா? உக்காரு" என்று இழுத்து உட்கார வைத்தேன். கூடையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன்.

"இப்ப எப்படிம்மா உனக்குச் சாப்பிட வருது?"

"பசிக்குது, சாப்பிடறேன். நீயும் சாப்பிடு."

இரண்டு இட்லி தின்றான். பிறகு மெதுவாக, "ரயில் நின்னுடுச்சுன்னு சொன்னா யாரும்மா நம்புவாங்க?" என்றான்.

"ரயில் நிக்கும்னு உனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே சொன்னான்: "தேவராஜ் எல்லார் எதிர்லயும் என்னைத் திருப்பிக் கேக்கட்டும்மா. கேக்கட்டும், எனக்கு வேணும். ஆனா பரமு, நான் வேணும்னே வரலைன்னு நெனச்சுக்குவா. அதான்."

பரமுவுக்கு இரண்டு தடவை போன் போட்டேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. கோயில் சத்தத்தில் கேட்டிருக்காது.

எனக்குப் பயமே இல்லை என்று எழுதினால் பொய். என் இரண்டு பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே நான் போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று அந்த இரண்டு வருடமும் எத்தனையோ நாள் படுத்துக்கொண்டே நினைத்திருக்கிறேன். இன்றைக்கு விட்டால் பரமு இனி கூப்பிட மாட்டாள். அவள் என் வயிற்றில் பிறந்தவள், சொன்னால் சொன்னதுதான். ஆனாலும் கிளம்பும்போதே அப்பனிடம் ஒப்படைத்தாகிவிட்டது. தையல்காரரிடம் துணியைக் கொடுத்துவிட்டு, தைக்கிறாரா தைக்கிறாரா என்று கடை வாசலிலேயே நின்றால் அவருக்குக் கை ஓடுமா? கொடுத்தால் நம்பிக் கொடுக்க வேண்டும். நான் கண்ணை மூடி அவர் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு இட்லியும் சாப்பிட்டேன். சாமி அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரயில் ஒருவழியாக நகர்ந்தது. தாம்பரத்தில் இறங்கி, நடைமேம்பாலம் ஏறிக் கிழக்குப் பக்கம் வந்தோம். குமரேசன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட, நான் என் நடையிலேயே வந்தேன். மேடவாக்கம் போகிற ஷேர் ஆட்டோ ஒன்று நின்றிருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி மாடம்பாக்கத்துக்குத் திரும்ப வேண்டும்.

உள்ளே ஏற்கெனவே ஒரு பெரியவர். என்னைவிட நாலைந்து வயது கூடவே இருக்கும். நெற்றியில் விபூதி, மடியில் துணிப்பை, கையில் குடை. வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம். பக்கத்தில் சேலையூர் சர்ச்சுக்குப் போகிற ஒரு டீச்சரம்மா. கூடையில் பூவைப் பார்த்துவிட்டு விசேஷமா என்று விசாரித்தார். சொன்னேன்.

"கவலைப்படாதீங்க சார்" என்று குமரேசனிடம் சொன்னார். "எனக்கும் ஆராதனை ஆரம்பிச்சு அரை மணி ஆயிடுச்சு. கர்த்தர் கதவைச் சாத்திட்டா வெச்சிருப்பார்?"

"எங்க சாமி சாத்த மாட்டார்ங்க. எங்க மாப்பிள்ளைதான் சாத்துவார்" என்றான் குமரேசன்.

டீச்சரம்மா சிரித்துக்கொண்டே, "நான் உங்களுக்காகவும் ஜெபம் பண்ணிக்கறேன்" என்று சொல்லி இறங்கினார். நானும் கும்பிட்டேன். யார் சொன்னால் என்ன, மேலே கேட்கிற காது கேட்கும்.

பெரியவர் அதற்கும் எழவில்லை. அப்படியே என் தோள்மேல் சாய்ந்துகொண்டார். குமரேசன் அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "பாரும்மா, கவலை இல்லாத மனுஷன்."

கேம்ப் ரோடு தாண்டியதும் சாலை எது, ஏரி எது என்று தெரியவில்லை. இரண்டு ஆட்கள் நடுரோட்டில் லுங்கியை விரித்துப் பிடித்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கெண்டை துள்ளியதை நானே பார்த்தேன். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டோ இரண்டு தடவை இருமி, நின்றுவிட்டது.

"அவ்ளோதாம்மா. சைலன்சர்ல தண்ணி பூந்துச்சு" என்றார் டிரைவர். "துட்டு வேணா, எறங்கிக்கங்க."

"துட்டு வேணாம்னா? நான் என்ன கடன்காரியா?" என்று காசை அவர் பாக்கெட்டில் வைத்துவிட்டு இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. குமரேசன் எதிரே வந்த, பின்னால் வந்த எல்லா வண்டிக்கும் கையைக் காட்டினான். ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு தண்ணீர் லாரி, அலையடித்துக்கொண்டு வந்து நின்றது. அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிதண்ணீர் கொண்டு போகிற லாரி. ஊரெல்லாம் தண்ணீர், அதற்கு நடுவில் ஒரு லாரி தண்ணீர். அதைக் கண்டு சிரிக்கக் குமரேசனுக்கு மனம் இல்லை.

"மாடம்பாக்கமா? ஏறு, நானும் அங்கதான் போறேன். ரெண்டு பேருக்குத்தான் எடம்" என்றார் லாரி டிரைவர்.

குமரேசன் கூடையை ஏற்றிவிட்டு என் கையைப் பிடித்தான். நான் திரும்பிப் பார்த்தேன். ஆட்டோ படியில் அந்தப் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்கங்க போகணும்?"

"மாடம்பாக்கந்தான். முட்டியில ஆபரேசன் பண்ணிருக்கும்மா. பள்ளம் எங்க, மேடு எங்கன்னு தெரியல. தண்ணி வடியட்டும், மெதுவா போறேன்."

"அம்மா! மணி பத்தே கால்!" என்று குமரேசன் கத்தினான்.

நான் புண்ணியம் தேடி நிற்கவில்லை. வயதான மனுஷனை நடுத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்ச் சாமி முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? "அவரை ஏத்து. இடம் இல்லைன்னா நான் நிக்கறேன், நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றேன்.

"ஐயோ, உன்னோட..." என்று பல்லைக் கடித்தான் குமரேசன். ஆனால் போனான். குனிந்து, பெரியவரை உப்பு மூட்டையாக முதுகில் ஏற்றிக்கொண்டு, தண்ணீரில் தடவித் தடவி வந்து லாரிப் படியில் ஏற்றினான். லாரி டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "சரி, சரி, எல்லாரும் நெருக்கிகினு குந்துங்க. போலீஸ் கூட இன்னிக்கு தண்ணிலதான் நிக்குது" என்றார்.

நாலு பேரும் ஒரு கூடையும். என் மடியில் வாழைப்பழம், பெரியவர் மடியில் வெல்லம். லாரி சந்திப்பில் திரும்பி மாடம்பாக்கம் சாலையில் ஊர்ந்தது. பத்தரை ஆனது. குமரேசன் மணியைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுதும்மா" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் அவன் முழங்காலில் கை வைத்துக்கொண்டேன்.

பெரியவர்தான் பேசினார். "இன்னா கண்ணு முடிஞ்சுது?"

"என் தங்கச்சி குழந்தைக்குக் காது குத்துங்க. நான்தான் தாய்மாமன். பத்தரைக்குள்ள நேரம்."

"எந்தக் கோயில்ல?"

"சிவன் கோயில்ல."

"மாப்ள பேரு?"

"தேவராஜ்."

பெரியவர் மடியிலிருந்த வெல்லத்தைக் கூடையில் வைத்தார். துணிப்பையைப் பிரித்து, ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைத் திறந்து எங்களிடம் காட்டினார். உள்ளே பஞ்சு, ஊசி, தங்கக் கம்பி.

"அந்தக் காதைக் குத்தப் போற பத்தரே நான்தான்யா. நீ இல்லாம நான் போயி இன்னா பண்றது? நான் இல்லாம நீ போயி இன்னா பண்ணுவே?"

லாரி டிரைவர் ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தார். குமரேசன் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். பிறகு அவனும் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப நீங்களும் லேட்டுதானே? எப்படிங்க ஆட்டோல அப்படித் தூங்கினீங்க?"

"முழிச்சிருந்தா மட்டும் தண்ணி வழி விட்டுடுமா? அந்தச் சிவனுக்குத் தெரியாதா, ஊசி என் பையில கீதுன்னு? வேணும்னா அவரே கூட்டிப்பாரு."

தாம்பரத்திலிருந்து என் தோள்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பனுக்குத் தெரிந்திருக்கிறது. பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கோயில் தெருவில் இறக்கிவிட்ட டிரைவர் காசு வாங்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். "அடுக்குமாடில பக்கெட்டோட நிப்பாங்கம்மா" என்றார். சீர்ப் பழத்திலிருந்து ஒரு சீப்பை உடைத்து சீட்டில் வைத்தேன்.

கோபுரத்துக்குக் கீழே பரமுவின் மாமனார் வீட்டு ஆட்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒரு சத்தம் எழுந்தது. "பத்தர் வந்துட்டார்! பத்தர் வந்துட்டார்!" அவ்வளவு நேரமும் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்களாம். அந்த அமளியில் தாய்மாமனைப் பற்றி யாரும் வாய் திறக்கவே இல்லை. ஒரே ஒரு மாமி மட்டும், பெரியப்பா பையன் மடியில் வைத்துக் குத்திவிடலாமே என்று ஆரம்பித்தாளாம். "எங்கண்ணன் வழியில வந்துட்டிருக்கும்" என்று பரமு சொன்ன சொல்லில் அவளும் அடங்கிவிட்டாளாம்.

தேவராஜ் குடையோடு இறங்கி வந்தார். குமரேசன் சொட்டச் சொட்ட நின்றான். சுற்றிலும் எல்லாரும் பார்க்கிறார்கள்.

"மாப்ள... லேட்டாயிடுச்சு. ரயில் நின்னுடுச்சு" என்றான் குமரேசன்.

தேவராஜ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருக்கலாம் மச்சான். அப்பத்தான் நீங்களும் நானும் சரிக்குச் சரி" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். குடையைக் குமரேசன் தலைக்கு மேல் பிடித்தார். தாம் நனைந்தார்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு மாப்ள" என்றான் குமரேசன். எல்லார் எதிரிலும்தான் சொன்னான். அன்றைக்கும் எல்லார் எதிரிலும்தானே சொன்னான்.

"உள்ள வாங்க, ரெண்டு பேரும் மழையில நின்னு நாடகம் போடறீங்க!" என்று பரமு மண்டபத்திலிருந்து கத்தினாள். கத்தினாளே தவிர அவள் முந்தானை கண்ணில்தான் இருந்தது. அண்ணன் கிட்டே வந்ததும் அந்த முந்தானையாலேயே அவன் தலையைத் துவட்டினாள்.

பதினோரு தட்டையும் அங்கேயே அடுக்கி வைத்தேன். கொஞ்சம் நசுங்கிய பூவைத் தவிர ஒன்றும் குறையவில்லை. பன்னிரண்டு வரைக்கும் எமகண்டம் இல்லை, தாராளமாகச் செய்யலாம் என்று குருக்கள் சொன்னார். குமரேசன் புது வேட்டி மாற்றிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் மடியில் குழந்தையை வைத்தார்கள். முன்பின் பார்க்காத முகம். அது அவன் மூக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. பத்தர் பொட்டு வைத்து, அளவு பார்த்து, கண் இமைக்கும் நேரத்தில் ஒரு காதை முடித்தார். குழந்தை வீறிட்டது. கூடவே குமரேசனும் தேம்பினான்.

"கொழந்தைக்குத்தான்யா குத்துனேன், மாமனுக்கு இல்ல" என்றார் பத்தர். மண்டபமே சிரித்தது. வெல்லம் கலந்த காப்பரிசியை வாயில் வைத்ததும் குழந்தை அழுகையை நிறுத்தியது. குமரேசனுக்கும் ஒரு பிடி கொடுத்தோம்.

பிறகு நான் தனியாகப் பிரகாரம் சுற்றினேன். இந்தக் கோயிலில் கருவறையின் பின்புறம் யானை படுத்திருக்கிற மாதிரி வளைந்திருக்கும். சோழர் காலத்துக் கல். மழையில் நனைந்து, நிஜ யானையின் முதுகு போலவே கறுத்து மினுமினுத்தது. உள்ளே லிங்கம் மிகச் சின்னது. இவ்வளவு பெரிய பாரத்தை இவ்வளவு சின்ன சாமியிடமா கொடுத்தோம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பக்கத்துத் தெருவில் பரமு வீட்டில் சாப்பாடு முடிந்து, மூன்று மணிக்கு வானம் வெளுத்தது. எங்கள் பம்மலில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும், லேத் சத்தம் ஓயாது. இங்கே ஏரிப் பக்கமிருந்து தவளைச் சத்தம். புது அடுக்குமாடிகளுக்கு நடுவில், ரோட்டிலேயே நாலு எருமை படுத்திருந்தது. இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு என் வீடுதான்.

கிளம்பலாம் என்று குமரேசனைத் தேடினேன். பரமு வீட்டுக் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். குழந்தை அவன் மடியில் தூங்கிவிட்டது. தேவராஜ் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரல் வைத்தான்.

"நீ போம்மா" என்று கிசுகிசுத்தான். "நான் நகர்ந்தா இது எழுந்துக்கும். நாளைக்கு வர்றேன்."

காலையெல்லாம் என்னை அவசரப்படுத்தியே கொன்றவன்! சரி என்று நானே நடந்து போய், தாம்பரம் போகிற பஸ்ஸில் ஏறினேன். பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. ஜன்னலோரம் நல்ல இடம். கண்டக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே, "ஒரு ஆளாம்மா? கூட யாரும் வரலியா?" என்று கேட்டார்.

"ஒரு ஆள்தான்ப்பா" என்றேன். "மத்தவங்க எல்லாம் அவங்கவங்க இருக்க வேண்டிய இடத்துல இருக்காங்க."